டேப்பு அக்காவும் வெள்ளிப் பட்டையும்

என் அக்காவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டேப்பு அக்கா என்றால்தான் தெரியும். அளவெடுக்கிற டேப் எந்நேரமும் அவள் கழுத்தில் கிடக்கும். துக்க வீட்டுக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டு போனவள் அவள். அங்கே மற்றவர்களோடு உட்கார்ந்து அழுதுகொண்டே, பக்கத்தில் அழுதவளின் தோள்பட்டைத் தையலை இழுத்துப் பார்த்து, "இத யாரும்மா தைச்சது, இப்படி சுருக்கம் விழுது?" என்று கேட்டாள். வாசலில் நின்றிருந்த நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவளுக்கும் யார் பெயரும் நினைவில் நிற்காது. அளவுதான் நிற்கும். கடைக்கு ஒருவர் வந்து போனால், "நம்ம கழுத்து பதினேழு வந்துட்டுப் போறாரு" என்பாள். மருந்துக்கடைக்காரர் அவளுக்குக் குட்டைக் கை. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், பாவம், வயிறு நாற்பத்து நாலு. என்னை மட்டும் தம்பி என்பாள், அதுவும் கோபம் இல்லாத நேரத்தில்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுரங்கம் தோண்ட வந்தபோது, ஊரே பொன்னாகிவிடும் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். முதலில் வந்தது தூசி. காயப்போட்ட துணி, மூடி வைத்த தண்ணீர்ப் பானை, தூங்குகிற குழந்தையின் காது மடல் என்று எதையும் விடாத தூசி. பெரிய வேலைகளுக்கு வெளியூர் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கான சாப்பாடும் சட்டையும் பூட்ஸும்கூட நகரத்திலிருந்து லாரியில் வந்தன. ஊருக்கு மிஞ்சியது அந்த லாரி போகிற சத்தம். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதே தூசியை அடக்கத் தண்ணீர் தெளிக்கும் லாரியைத்தான் நான் ஓட்டுகிறேன், மாதம் பிறந்தால் அவர்களிடம்தான் சம்பளம் வாங்குகிறேன், அது வேறு விஷயம்.

பிறகு ஊர்க்காரர்கள் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். பேசினார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். ஒரு வழியாக ஓர் ஒப்பந்தம் ஆனது. ஊரில் கிடைப்பதை ஊரில்தான் வாங்க வேண்டும்; கிடைக்காததைச் செய்து பார்க்க ஊருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். காகிதத்தில் கிடந்த அந்த வரி மெல்ல மெல்லத் தெருவில் இறங்கி நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் மாடியில் இரண்டு அறை எழுப்பி வாடகைக்கு விட்டார். வெல்டிங் கடைக்காரர் கூடுதலாக ஆள் வைத்துக்கொண்டார். கடைசியில் அது அக்காவின் தையல் கடைக்கும் வந்தது. சுரங்கத்துக்குப் பொருள் வாங்கும் அதிகாரியான ஒரு அம்மாள் ஜீப்பில் வந்து இறங்கினார். அவரை நாங்கள் பர்ச்சேஸ் அம்மா என்போம்.

சுரங்கப் பள்ளத்தில் நடந்து வேலை செய்கிறவர்களுக்கு ஆரஞ்சு நிறச் சட்டை வேண்டும். நெஞ்சிலும் முதுகிலும் கைகளிலும் வெள்ளிப் பட்டை வைத்துத் தைக்க வேண்டும். இருட்டில் வண்டி விளக்கு பட்டால் அந்தப் பட்டை பளீரென்று மின்னும், ஓட்டுகிறவனுக்கு ஆள் நிற்பது தெரியும். துணியும் பட்டையும் கம்பெனி கொடுக்கும். முதலில் நூறு சட்டை. அது சரியாக இருந்தால் சுரங்கம் முழுவதற்கும் வருஷ ஒப்பந்தம்.

"சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு அளவு போதும்" என்றார் பர்ச்சேஸ் அம்மா.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, மனுஷங்க மூணு அளவுலயா பொறக்குறாங்க?" என்று கேட்டாள்.

ஷிப்டு மாறும் நேரத்தில் சுரங்கத்தின் கேட்டுக்குப் போய், நூறு பேரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஆள் அளவெடுத்தாள். இடது தோள் இறங்கியவர், வலது கை நீண்டவர், நெஞ்சு அகன்று இடுப்பு இல்லாதவர் என்று அத்தனை பேரும் அவள் மண்டையில் ஏறிவிட்டார்கள். ஒரே ஒருவருக்குத்தான் அவள் அளவெடுக்கவில்லை. அவளுடைய மாப்பிள்ளை, ஒரே மகளின் கணவர், பாறை உடைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். மாப்பிள்ளையின் நெஞ்சில் டேப் வைப்பதா என்று கூசிப்போய், அந்த வேலையை மகளிடம் கொடுத்தாள். மகளுக்கு டேப்பில் எந்தப் பக்கம் ஆரம்பம் என்பதே சந்தேகம். மாப்பிள்ளையின் சட்டைக் கை விரல் நுனி வரை வந்தது. அவர் அதை மடித்துவிட்டுக்கொண்டு, "வசதியா இருக்குங்க அத்தை" என்றார். நல்ல மனிதர்.

கடைக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு ஆறு பெண்களை வேலைக்கு வைத்தாள் அக்கா. அதில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற பெண் முதல் வாரக் கூலியை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று, வீட்டுக்காரர் எழுந்து போய் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாராம். "சர்க்கரைதான் போட மறந்துட்டாரு" என்று அவள் சொல்ல, ஷெட்டே சிரித்தது. சுரங்கத்தால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் அந்தச் சர்க்கரை இல்லாத டீயைத்தான் சொல்வேன். அதற்கு முன் அந்த வீட்டில் அவளுக்காக யாரும் அடுப்பைப் பற்ற வைத்ததில்லை.

அக்காவின் கடையில் ஒரு சட்டம் உண்டு. தைத்து முடித்த துணி இஸ்திரி படாமல் வாசலைத் தாண்டக் கூடாது. அவள் கணவர், எங்கள் மாமா, உயிரோடு இருந்த காலத்தில் அவருடைய கைக்குட்டையைக்கூட மடிப்பு கலையாமல்தான் கொடுப்பாள். நூறு சட்டையையும் அவளே இஸ்திரி போட்டாள். பெட்டியை நன்றாகச் சூடேற்றி, ஈரத்துணி ஒற்றி, வெள்ளிப் பட்டையின் மேல் அழுத்தி அழுத்தி ஓட்டினாள். பட்டை சுருக்கம் இல்லாமல் தகடு போலப் படிந்தது. பர்ச்சேஸ் அம்மா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "சிட்டியிலேருந்து வர்றது மூட்டைக்குள்ள கசங்கிக் கெடக்கும். இது கல்யாண மாப்பிள்ளை சட்டை மாதிரி இருக்கு" என்றார். அக்கா அன்று இரண்டு வேளை சாப்பாட்டை மறந்தாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று முடிவானது. ஷெட்டில் இன்னும் நாலு மெஷின் போட இடம் அளந்துகூட வைத்துவிட்டாள்.

சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஆட்கள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. பள்ளத்துக்குப் போகிறார்களா, பெண் பார்க்கப் போகிறார்களா என்று சந்தேகம் வரும். தோள் இறங்கியவர் என் லாரியை நிறுத்தி, "உங்க அக்கா கை தங்கம். பொறந்ததுலேருந்து எனக்கு தோள் கோணல்னு நெனச்சிருந்தேன், சட்டைதான் கோணலா இருந்திருக்கு" என்றார்.

நாலு நாள் கழித்து, பனி மூடிய ஒரு விடிகாலையில், நான் சரிவுப் பாதையில் லாரியை இறக்கிக்கொண்டிருந்தேன். தூரத்தில் இரண்டு பேர் வருவது விளக்கில் பளிச்சென்று தெரிந்தது. பழைய நகரத்துச் சட்டைக்காரர்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே இறங்கியவன், பம்பருக்கு முன்னால் ஏதோ அசைவதைக் கடைசி நொடியில்தான் கண்டேன். பிரேக்கில் ஏறி நின்றேன். தண்ணீர் முழுவதும் முன்னால் வந்து மோதி லாரியே குலுங்கியது. எதிரே நின்றவர் தோள் இறக்கம். புத்தம் புதுச் சட்டை, நெஞ்சில் அகலமான பட்டை, என் விளக்கு முழுசாக அவர் மேல். பட்டை சாம்பல் துணி மாதிரி செத்துக் கிடந்தது.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார் அவர். நான் விளக்கை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பட்டை அப்போதும் மின்னவில்லை.

ஷிப்டு முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனேன். நான் சொன்னதை அக்கா நம்பவில்லை. சாமான் வைக்கும் உள்ளறைக்குள் போய், ஜன்னலைப் போர்வையால் மூடி, கதவைச் சாத்தி, நான் கொண்டுபோயிருந்த பழைய சட்டை ஒன்றையும், மிச்சமிருந்த துணியில் அவள் எனக்கென்று தைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம். செல்போன் விளக்கை அடித்தேன். பழையது கண்ணைப் பறித்தது. எங்கள் சட்டை இருந்த இடமே தெரியவில்லை. பட்டைச் சுருளில் இஸ்திரி படாமல் மிச்சம் இருந்த துண்டு ஒன்றைக் காட்டினேன். அதுவும் கண்ணைப் பறித்தது.

அக்கா மெதுவாகப் போய், பட்டைச் சுருள் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து வந்தாள். அதில் பொத்தான்களைக் கொட்டி வைத்திருந்தாள். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு இஸ்திரிப் பெட்டியின் படமும் அதன் மேல் பெரிய பெருக்கல் குறியும் இருந்தன.

"அந்தப் பட்டைக் கம்பெனியோட சின்னம்னு நெனச்சேன்டா" என்றாள்.

வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"தோள் இறக்கத்துமேலயா ஏத்தப் பாத்த?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் உலகம் தெரிந்தவன் மாதிரி பேசினேன். "அக்கா, பட்டை செத்ததுன்னு யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கெழமை கையெழுத்து ஆகட்டும். அப்புறம் துவைக்கணும்னு சொல்லி ஒவ்வொண்ணா வாங்கி மாத்திக் குடுத்துடலாம். இப்ப வாயத் தொறந்தா ஒப்பந்தம் போச்சு. அந்த ஆறு பொம்பளைங்களும் வீட்டுல போய் உக்காரணும்."

"வெள்ளிக்கெழமை வரைக்கும் அவங்க இதப் போட்டுக்கிட்டு நடக்கணுமா?"

"நான் பாத்து ஓட்டிக்கிறேன்."

"நீ ஒருத்தன்தான் வண்டி ஓட்டுறியா அங்க?" என்று எழுந்தாள். "பகல் ஷிப்டுக்கு வெளிச்சம் இருக்கு. ரெண்டு மணி ஷிப்டு எறங்குறதுக்குள்ள போயிடணும். வண்டிய எடு."

அன்று சுரங்கத்தின் கேட்டில் நடந்ததை எங்கள் ஊர் இன்னும் பேசிச் சிரிக்கிறது. ஷிப்டுக்கு வந்த ஆண்பிள்ளைகளின் குறுக்கே நின்று, "கழட்டு" என்றாள் அக்கா. முதலில் வந்தவர் கழுத்து பதினேழு. அவர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். "என்ன முழிக்கிற? சட்டையக் கழட்டு. பட்டை எரியல, என் தப்பு. கழட்டிட்டு உள்ள போய் பழைய சட்டைய கேட்டு வாங்கிப் போட்டுக்க." காவலாளி ஓடி வந்து தடுக்கப் பார்த்தார். அவருக்கும் அளவெடுத்தவள்தானே, "நீ சும்மா இருப்பா, இடுப்பு முப்பத்தெட்டு" என்று ஒரே வார்த்தையில் நிறுத்தினாள். பனியனோடும் பனியன் இல்லாமலும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சட்டைகள் அவள் கையில் மலையாகக் குவிந்தன.

வரிசையின் கடைசியில் மாப்பிள்ளை வந்தார். அக்கா அவரைப் பார்க்காமல், பக்கத்துத் தூணைப் பார்த்துச் சொன்னாள். "மாப்பிள்ளை, மன்னிச்சுக்கணும். கொஞ்சம் சட்டையக் கழட்டிக் குடுங்க." அவர் முகம் சிவக்க, தூணுக்குப் பின்னால் போய்க் கழற்றி, என்னிடம் நீட்டினார்.

அதற்குள் பாதுகாப்பு ஆபீசர் வந்துவிட்டார். சிரிப்பு என்பதைக் கேள்விப்படாத மனிதர். ஒரு சட்டையோடு காவலாளியின் அறைக்குள் போய் டார்ச் அடித்துப் பார்த்தார், வெளியே வந்தார், எல்லாருக்கும் பழைய சட்டை கொடுக்கச் சொன்னார். பகல் ஷிப்டில் இருப்பவர்கள் மேலே வந்ததும், ராத்திரி ஷிப்டுக்காரர்கள் வேலைக்கு வந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்றார். பர்ச்சேஸ் அம்மாவும் வந்தார். அவருக்குத்தான் கோபம். அவரும்தானே தடவிப் பார்த்து மெச்சியவர்.

"கையெழுத்து இல்லம்மா. மொத தவணையிலயே இப்படின்னா நான் மேல என்ன சொல்றது?"

"நீங்க கையெழுத்து போட வேண்டாம்" என்றாள் அக்கா. "புதுப் பட்டை என் செலவுல வாங்கி, நூறையும் பிரிச்சுத் தைச்சுக் குடுத்துடுறேன். அதுக்கு அப்புறம் வேணாம்னா வேணாம்." குரல் கெட்டியாகத்தான் இருந்தது. கழுத்து டேப்பின் நுனியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் அதைச் சுருட்டிச் சுருட்டி விட்டன.

ஆபீசர் டார்ச்சை இடுப்பில் செருகினார். பிறகு பர்ச்சேஸ் அம்மாவிடம், "போன வருஷம் சிட்டிலேருந்து வந்த பூட்ஸ்ல அடி பிஞ்சுச்சு. யாரும் கேட்டுக்கு வந்து கழட்டச் சொல்லல" என்றார். அக்காவிடம் திரும்பி, "தைச்சுக் கொண்டு வாங்க. பொழுது சாயுற நேரத்துல நானே பாப்பேன். ஒரு சட்டை தெரியலன்னாலும் அவ்வளவுதான்" என்றார்.

அந்த வாரம் கூலி தர முடியாது என்று ஆறு பெண்களிடமும் சொல்ல அக்கா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காஜா எடுக்கிற பெண் கேட்டுவிட்டு, "சரி, இந்த வாரம் டீய நானே போட்டுக்கிறேன்" என்று மெஷினில் உட்கார்ந்தாள். அடுத்த நாள் மாலை ஷெட் வாசலில் தோள் இறக்கம் வந்து நின்றார். பின்னாலேயே கழுத்து பதினேழும் இன்னும் சிலரும். நகரத்துச் சட்டை அக்குளில் பிடிக்கிறதாம், தங்கள் சட்டை சீக்கிரம் வேண்டுமாம், தையல் பிரிக்க வந்திருக்கிறார்களாம். பாறையைப் புரட்டுகிற கைகளில் அரை பிளேடைக் கொடுத்து உட்கார வைத்தோம். நூலைவிடத் துணியை அதிகம் வெட்டினார்கள். "பிரிக்கச் சொன்னா பொளந்து வெக்கிறீங்க" என்று அக்கா ஒவ்வொருவரையும் திட்டிக்கொண்டே ஒட்டுப்போட்டாள். மாப்பிள்ளை மட்டும் வெட்டுப் படாமல் பிரித்தார். அவர் சட்டைக் கையைச் சரி செய்யலாமா என்று மகளைவிட்டுக் கேட்டனுப்பினாள். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று பதில் வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். அதைப் போடும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க மனம் வரவில்லை.

சோதனை நாளன்று தானும் லாரியில் வந்தே தீருவேன் என்று அடம் பிடித்தாள். ஆபீசர் முறைத்தார், பிறகு ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்தார். ஹெல்மெட்டும் கழுத்தில் டேப்புமாக எனக்கும் ஆபீசருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். சரிவுப் பாதையின் தலைமாட்டில் லாரியை நிறுத்தினேன். சூரியன் இறங்கி, கீழே பள்ளம் கறுத்துக் கிடந்தது. நூறு பேரும் அடியிலிருந்து நடந்து ஏறத் தொடங்கியிருந்தார்கள், ஒருவரும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"லைட்டப் போடுங்க" என்றார் ஆபீசர்.

போட்டேன். அடிவரைக்கும் பட்டைகள் பற்றிக்கொண்டன. முகம் இல்லை, கால் இல்லை. நெஞ்சுப் பட்டைகளும் கைப் பட்டைகளும் மட்டும் வீசி வீசி மேலே வந்துகொண்டிருந்தன.

ஆபீசர் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் தெரியுது. வர்ற வெள்ளிக்கெழமை வந்து கையெழுத்து போட்டுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அக்கா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. முன் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்திருந்தாள்.

"தம்பி, இதுல நம்ம மாப்பிள்ளை எது?"

"தெரியலக்கா."

"தோள் இறக்கம்?"

"அதுவும் தெரியல."

"எனக்கு ஒருத்தரையும் அடையாளம் தெரியலடா" என்றாள். "எல்லாம் ஒண்ணு போல இருக்கு."

"யாரா இருந்தா என்னக்கா. எல்லாரும் தெரியிறாங்கல்ல."

அவள் டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பட்டைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அவள் என் கையை இறுகப் பிடித்தாள்.

"மெதுவாப் போடா. ஆளுங்க நடந்து வர்றாங்க."

லாரி இன்னும் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. "சரிக்கா" என்று பிரேக்கை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.